சைக்கிளுக்கு வைத்த மீசை

பவுனைப் பற்றி எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் வருஷத்துக்கு ஒருவருடைய வாழ்க்கை வருகிறது. இதுவரை வந்தவர்கள் எல்லோரும் கோட்டு போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள். முதல் பத்தி முடிவதற்குள் மூன்று பட்டம் வாங்கிவிடுவார்கள். பவுன் ஒன்பதாம் வகுப்பில் தவறியவள். அவளைப் பற்றி எழுதினால் போடுவீர்களா என்று செயலாளர் பத்மநாபனிடம் கேட்டேன். "சம்சாரத்தைப் பத்திப் பெருமையா எழுதப் போறீங்களா? தாராளமா எழுதுங்க, பக்கம் காலியா இருக்கு" என்றார். பெருமையாக எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அவள் பெருமையை எழுத உட்கார்ந்தால் என் சிறுமையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் மாடசாமி. இந்த மராட்டி ஊரில், கட்கிப் பகுதியில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் பிட்டராக இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம், 2007-இல், ஓய்வு பெற்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ரேஷன் கடை, பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டு ரேடியோ என்று எதன் மேலும் பாய்வேன். பவுனுக்குக் கோபமே வராது என்று கல்யாணமான புதிதில் நினைத்தேன். வரும். சத்தம்தான் வராது.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 1982-இல் அவளை நான் குடியிருந்த ஏரவாடாவுக்கு அழைத்து வந்தேன். தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றே ஆறு மாதத்தில் மராட்டி பேசக் கற்றுக்கொண்டாள். நான் இந்த ஊருக்கு அவளுக்கு முன்னால் வந்தவன். நான் பேசும் இந்தியைக் கேட்டு இன்றைக்கும் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எங்கள் மகள் வைஷாலி கொஞ்சம் வளர்ந்ததும், 1994-இல், ஔந்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பவுனுக்கு வார்டு ஆயா வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். மதியம் இரண்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு விடுவார்கள். வீட்டிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் வந்தால் இரண்டாவது வராது. இரண்டும் வந்த நாளில் படியில்கூட இடம் இருக்காது.

அப்போது எங்கள் வீட்டில் இருந்த ஒரே வண்டி என் சைக்கிள். வெறும் சைக்கிள் என்று சொன்னால் எனக்கே பொறுக்காது. இருபத்துநான்கு அங்குலக் கறுப்பு சைக்கிள். வாங்கிய மறுவாரமே அதைப் பிரித்துப் போட்டு என் இஷ்டப்படி கட்டத் தொடங்கினேன். பின் சக்கரத்துக்குத் தடித்த போக்ஸ் கம்பி. மலைமேல் போகும் காட் ரோட்டில் ஏறுவதற்குப் பெரிய பல்சக்கரம். முன்னால் சாமான் வைக்க ஆறு மில்லி கம்பியில் நானே வளைத்த கேரியர். தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு வளையம். 1991-இல் பாக்டரி ஆட்கள் எட்டுப் பேர் பண்டரிபுரம் வரைக்கும் சைக்கிளிலேயே போய்த் திரும்பினோம். ஐந்து நாள். எட்டில் ஏழு சைக்கிள் வழியில் எங்காவது உட்கார்ந்தது, என்னுடையது உட்காரவில்லை. திரும்பி வந்ததும் அதன் பாரில் மஞ்சள் பெயின்டால் என் பெயரை எழுதினேன். பாக்டரி சைக்கிள் ஸ்டாண்டில் புதுப் பையன்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

பவுனுக்காக இன்னொரு சைக்கிள் வாங்கினோம். பத்தாம் நாள் அது திருட்டுப் போனது. எங்கள் சந்தில் வெளியே நிறுத்தினால் எதுவும் தங்காது. வீட்டுக்குள் பீரோவுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு சைக்கிள்தான் நிற்கும், அந்த இடத்தில் என்னுடையது நின்றது. அப்போதுதான் ஒருநாள் பவுன் கேட்டாள்.

"ஏங்க, இந்தப் பாரை எடுத்துட்டா என்ன?"

"எந்தப் பாரை?"

"உங்க சைக்கிள் பாரைத்தான். குறுக்க நிக்குல்லா. சின்னப் பிள்ளையில குரங்குப் பெடல் போட்டுக்கிடலாம். சேலையக் கட்டிக்கிட்டு இப்போ நான் எப்படி ஏற?"

"பாரை எடுத்தா அது என்னத்துக்கு ஆவும்?"

"எனக்கும் ஆவும், உங்களுக்கும் ஆவும். உங்களுக்கு ஒண்ணரைக்கு ஷிப்ட் விடுது. எனக்கு ரெண்டரைக்கு டூட்டி. வழியில ஆத்துப் பாலத்துப் பக்கம் நான் நடந்து வந்து நிக்கேன். நீங்க குடுத்துட்டு நடந்து வீட்டுக்குப் போங்க."

கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ரம்பத்தை எடுத்து, என் பெயர் எழுதியிருந்த பாரை அறுத்தேன். நகர் ரோட்டு வெல்டரிடம் கொண்டுபோய்க் கீழே தாழ்வாக ஒரு குழாய் ஒட்டினேன். அறுக்கும்போது மனம் கசந்தாலும், வேலையில் இறங்கிய பிறகு கை சும்மா இருக்கவில்லை. சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் பின் மட்கார்டிலிருந்து அச்சு வரை நைலான் கயிற்றில் வலை பின்னினேன். இரவில் அவள் திரும்பும் வழியில் வெளிச்சம் இல்லாததால் டைனமோ வைத்தேன். அவள் டிபன் டப்பாவுக்கு முன்னால் கூடை. அவள் குள்ளம், நான் உயரம்; தினமும் சீட்டை அளந்து ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியாது. சீட்டுத் தண்டில் அரத்தால் இரண்டு வெட்டு போட்டு, கையாலேயே திருகும் பிடி ஒன்று வைத்தேன். மேல் வெட்டு எனக்கு, கீழ் வெட்டு அவளுக்கு. டக்கென்று உட்காரும். இருபத்தொன்பது வருஷம் பிட்டராக இருந்தேனே, அதில் மிகச் சுத்தமான வேலை எது என்று கேட்டால் அந்த இரண்டு வெட்டைத்தான் சொல்வேன்.

திங்கட்கிழமை அதை ஓட்டிக்கொண்டு பாக்டரிக்குப் போனேன். ஸ்டாண்டில் நிறுத்தும்போதே ஜம்பு பார்த்துவிட்டான். வேலூர்ப் பக்கத்து ஆள், எனக்குப் பக்கத்து பெஞ்சு, நல்லவன். வாய் மட்டும் ஓயாது.

"இன்னாய்யா மாடசாமி, வூட்ல சம்சாரம் சைக்கிள எட்னு வந்துட்டியா? அப்ப அவங்க இன்னாத்துல போவாங்க, உன் பேன்ட்லயா?"

ஸ்டாண்டே சிரித்தது. ஒன்றரைக்கு வெளியே வந்தபோது ஹேண்டில்பாரில் சிவப்புக் கண்ணாடி வளையல் இரண்டு மாட்டியிருந்தது. யார் மாட்டினார்கள் என்று கேட்டுக் கத்தினேன். கத்தக் கத்த இன்னும் சிரித்தார்கள். பண்டரிபுரம் போய் வந்த மாடசாமியின் மானம் அன்றைக்குக் கப்பலேறியது. வளையலை உடைத்து எறிந்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் பவுன் மேல்தான் கோபம். அவள் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. இருந்தாலும் கோபம் அவள் மேல்தான் வந்தது.

அந்த வாரமே நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒரு குழாய்த் துண்டை எடுத்தேன். இரண்டு முனையிலும் பிரேமைக் கவ்விப் பிடிக்கும் பிடி வைத்தேன். காது வைத்த நட்டு, விரலாலேயே திருகலாம். அதே கறுப்புப் பெயின்ட், அதே மஞ்சள் எழுத்தில் என் பெயர். பழைய பார் இருந்த இடத்தில் மாட்டினால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. விடியற்காலை மாட்டிக்கொண்டு பாக்டரிக்குப் போக வேண்டியது. ஷிப்ட் விட்டதும் பாலம் தாண்டிய திருப்பத்தில் ஒரு மரத்தடியில் நின்று கழற்றிக் கேரியர் அடியில் கட்ட வேண்டியது. அங்கிருந்து நூறடியில் ஒரு ரசவந்தி. கரும்பு அரைக்கும் எந்திரத்தில் சலங்கை கட்டியிருக்குமே, அந்த மாதிரிக் கடை. அதன் வாசலில் பவுன் நின்றுகொண்டிருப்பாள்.

முதல் நாள் கேரியர் அடியிலிருந்த குழாயை உருவிப் பார்த்தாள். என் பெயரைப் படித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, சைக்கிளுக்கு மீசையா?"

அன்றிலிருந்து அதன் பெயர் மீசை. "மீசைய எடுத்துக்கிட்டியளா?" என்று காலையில் நினைவுபடுத்துவாள். என் அசட்டுத்தனத்தை அவள் ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டாள். குத்திக் காட்டவில்லை. நானும் அதை விளையாட்டு என்றே நம்பிக்கொண்டேன்.

அடுத்த அக்டோபரில் கடக்வாஸ்லா அணையைப் பார்க்க அவளை அழைத்துப் போனேன். நான் எத்தனையோ ஞாயிறு போய் வந்த இடம், அவள் பார்த்ததில்லை. பின் கேரியருக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தேன். கால் வைக்க இரண்டு கட்டை. போகும்போது நான் மிதித்தேன். திரும்பும்போது, ரோடு சமமாக இருந்த இடத்தில், "நீங்க பின்னால உக்காருங்க, நான் மிதிக்கேன்" என்றாள். மீசையைக் கழற்றிவிட்டுச் சீட்டைக் கீழ் வெட்டுக்கு இறக்கினாள். நான் உட்கார்ந்தேன். எட்டு கிலோமீட்டர் என்னைச் சுமந்து மிதித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள், பாடினாள். காற்றில் அவள் தலைப்பு என் முகத்தில் அடித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பயணத்திலும் இருந்ததில்லை. ஊர் நெருங்கி ஸ்வார்கேட் தெரிந்ததும் "நிறுத்து, நிறுத்து" என்றேன். இறங்கி மீசையை மாட்டினேன். சீட்டை மேலே ஏற்றினேன். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அதன் பிறகு வீடு வரும் வரை பாட்டு இல்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இப்போது 1997 மார்ச் மாதத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் நான்கு ஆயாக்களில் ஒருவரை நிரந்தரம் ஆக்கப் போவதாகப் பேச்சு. மூன்று மாதம் வருகைப் பதிவில் ஒரு நாள்கூடத் தாமதம் இருக்கக்கூடாது என்பது மேட்ரன் போட்ட விதி. மீதி மூன்று பேருக்கும் ஆளுக்கொரு சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. பவுனுக்கு மட்டும் இல்லை. கடைசி நாளுக்கு முந்தைய நாள், "இன்னும் ரெண்டு நாள்தான். பிந்திராதிய" என்றாள். "நான் என்னிக்குப் பிந்துனேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாளும் ஒன்றரைக்கு ஷிப்ட் விட்டது. நான் பிந்தவில்லை. கேட்டைத் தாண்டும்போது ஜம்பு பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டான். அவன் குவார்ட்டர்ஸ் கட்கியிலேயே இருக்கிறது, பாலம் பக்கமே வர மாட்டான். "பாலம் தாண்டி விஷ்ராந்த்வாடியில ஒரு மனை இருக்குதாம்யா, பாத்துட்டு வரலாம்னு. வா, பேசினே போலாம்" என்றான். கடை வீதியில் ஏதாவது வாங்குகிற சாக்கில் பின்தங்கப் பார்த்தேன், அவனும் நின்றான். செயின் கழன்றதாகச் சொல்லி இறங்கிப் பார்த்தேன், அவனும் இறங்கினான். குனிந்து செயினைப் பார்த்தவன் கண் பாரின் நட்டில் பட்டுவிடுமோ என்று உடனே ஏறி மிதித்தேன்.

பாலம் வந்தது. திருப்பம் வந்தது. நான் நிற்கும் மரம் வந்தது. நிற்க வேண்டும். நின்றால் ஜம்புவும் நிற்பான். அவன் முன்னால் அந்தப் பாரைக் கழற்ற வேண்டும். இரண்டு வருஷமாகப் பொய்ப் பார் மாட்டிக்கொண்டு வருகிறேன் என்று நாளைக்கு பாக்டரி முழுக்கத் தெரியும். என் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

ரசவந்தி வாசலில் பவுன் நின்றாள். நீலக் கரை போட்ட ஆயா சேலை, கையில் டிபன் டப்பா. என்னைப் பார்த்து ஓர் அடி முன்னால் வந்தாள். பாரைப் பார்த்தாள். பக்கத்தில் வந்த ஜம்புவைப் பார்த்தாள். இருந்தாலும் கையைத் தூக்கினாள். ஏழெட்டு அடிதான் இருக்கும்.

"யார்யா அது, உன்னியே பாத்து கை காட்டுது?" என்றான் ஜம்பு.

"தெரியல" என்றேன்.

"தெரியலயா? அப்ப எனக்குத்தான் காட்டுதோ இன்னாவோ!" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: நானும் சிரித்தேன்.

விஷ்ராந்த்வாடி சௌக்கில் அவன் பிரிந்ததும் திரும்பி மூச்சிரைக்க மிதித்தேன். ரசவந்தி வாசல் காலியாக இருந்தது. எந்திரத்தில் சலங்கை சத்தம். கடைக்காரர், "தாயி பஸ்ஸுக்கு கேலி" என்றார், அக்கா பஸ்ஸுக்குப் போய்விட்டாளாம். கட்கி பஸ் ஸ்டாப் வரை போனேன். அங்கேயும் இல்லை. அங்கிருந்து ஆஸ்பத்திரி நான்கு கிலோமீட்டர். போயிருக்கலாம். என் மேல்தான் தப்பு என்று மேட்ரனிடம் சொல்லியிருக்கலாம். என்ன தப்பு என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன், வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவ்வளவு தூரம் போய் வந்தும் பாரைக் கழற்றவில்லை என்பது வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

பவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். முகம் கழுவினாள். "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

"ஷிப்ட் விட்ட கூட்டம். உன்னைய நான் பாக்கவே இல்ல, பவுனு."

"சரி" என்றாள்.

நான்கு நாள் கழித்து மரியம்மாள் வீட்டுக்கு வந்தாள். பவுனோடு வேலை பார்த்த ஆயா, அடுத்த சந்துக்காரி. பவுன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மரியம்மாள் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணாச்சி, எனக்குப் பெர்மனென்ட் ஆயிருக்கு. பவுனக்காவுக்குத்தான் வந்திருக்கணும். அன்னைக்கு ஆபீசரே வந்து ரெஜிஸ்டர் பாத்தாரு. அக்கா மூணு பத்துக்கு ஓடி வாரா, காலெல்லாம் புழுதி. ஏன் லேட்டுன்னு மேட்ரன் கேட்டதுக்கு, சைக்கிள் பஞ்சராயிட்டுன்னு சொன்னா. எல்லாருக்கும் ஒரு கோடுன்னு ஆகவும் சீனியாரிட்டி பாத்து எனக்குக் குடுத்துட்டாங்க. அக்கா எம்மேல வருத்தமா இருக்காளான்னு தெரியல. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

அந்த சைக்கிள் என் முதுகுக்குப் பின்னால் நின்றது. டயரில் காற்று கல் மாதிரி இருந்தது. மரியம்மாள் போனதும் எனக்கு வந்தது கோபம்தான். வெட்கம் வரும்போதெல்லாம் அதைக் கோபமாக மாற்றிக்கொள்வது என் பழக்கம். பவுன் குடத்தோடு உள்ளே நுழைந்ததும் கத்தினேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? அன்னைக்கு ஒரு சத்தம் குடுத்திருந்தா நான் நின்னுருக்க மாட்டேனா?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். சும்மாட்டுத் துணியை உதறி மடித்தாள்.

"நீங்கதான் தெரியலன்னு சொன்னியள்லா. தெரியாத ஆம்பளைய நடுரோட்டுல எப்படிங்க கூப்பிட?"

அவளுக்குக் கேட்டிருந்தது. கேட்டிருந்தும் நான் பார்க்கவே இல்லை என்று சொன்ன பொய்க்கு அவள் "சரி" சொல்லியிருந்தாள். எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

மறுநாள் மீசையை மாட்டாமலேயே பாக்டரிக்குப் போனேன். சிரித்தார்கள். நான் கத்தவில்லை. செவ்வாய் சிரித்தார்கள், புதன் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை யாருக்கோ ஸ்கூட்டர் வந்தது. எல்லோரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதன் பிறகு யாரும் என் சைக்கிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கே நாள். அந்த நான்கு நாள் சிரிப்பைத் தாங்க மாட்டாமல்தான் இரண்டு வருஷம் ஒளித்தேன். அதற்காகத்தான் பவுனைத் தெரியாது என்றேன்.

அவளை மறுபடியும் பாலத்துக்கு வரச் சொன்னேன். "பஸ்ஸு பழகிட்டு" என்றாள். அவள் மனம் மாறினாலும் மாறும் என்று ஒரு மாதம் தினமும் ரசவந்தி வாசலில் நின்றேன். கடைக்காரர் கேட்காமலேயே அரை கிளாஸ் சாறு கொடுப்பார். அவள் வரவில்லை. மன்னிப்புக் கேட்டாயா என்று கேட்பீர்கள். கேட்டேன், சாப்பிடும்போது, அவள் அடுப்புப் பக்கம் திரும்பியிருக்கையில். "தப்புப் பண்ணிட்டேன், பவுனு" என்றேன். "ரசம் ஊத்தவா?" என்றாள்.

மீசையைத் தூக்கிப் போட எடுத்தபோது வாங்கி வைத்துக்கொண்டாள். அடுப்புக்கு மேலே இரண்டு ஆணி அடித்து அதைக் குறுக்கே வைத்து, துணி காயப் போட்டாள். "ஹா ராட் கஷாலா, அம்மா?" என்று வைஷாலி மராட்டியில் கேட்டாள், இந்தக் கம்பி எதற்கு என்று. "மழைக்குத் துணி காயணும்லா" என்றாள் பவுன். பத்து வருஷம் அது அங்கேயே இருந்தது. நான் படுத்தால் ஈரத் துணிகளுக்கு நடுவே என் பெயர் மஞ்சள் எழுத்தில் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் தற்காலிக ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஒப்பந்த ஆட்களை எடுத்தார்கள். மரியம்மாள் இருந்தாள், பவுன் வெளியே வந்தாள். பிறகு கராடியில் கோயம்புத்தூர்ப் பையன்கள் ஐந்து பேர் தங்கியிருந்த பிளாட்டில் சமையல். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள், அவளை "அக்கா" என்பார்கள். ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போய் வருவாள். சைக்கிள் பீரோ பக்கத்தில்தான் நின்றது. வீடு பெருக்கும்போது அதை நகர்த்துவாள். வேறு எதற்கும் அதைத் தொட்டதில்லை. நான் மாதம் ஒருமுறை சீட்டுத் தண்டை உருவித் துடைத்து எண்ணெய் போடுவேன். மேல் வெட்டுக்கும் போடுவேன், கீழ் வெட்டுக்கும் போடுவேன்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஜம்பு விடவில்லை. எப்போதாவது டீ குடிக்கும்போது, "உன் ரசவந்திக்காரி சௌக்கியமா?" என்பான். புது ஆட்களிடம், "இவன சாதுன்னு நெனச்சுக்காதீங்க, பாலத்தாண்ட ஒருத்தி இவனுக்குக் கை காட்டுவா" என்பான். என் மனைவியை எவளோ ஒருத்தியாக்கிப் பத்து வருஷம் என் முன்னால் கேலி பேசினார்கள். அது என் சம்சாரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்புறம் ஏன் தெரியாது என்றாய்? அந்தக் கேள்விக்குப் பயந்து பத்து வருஷமும் டீயைப் பார்த்துக்கொண்டு குடித்தேன்.

போன வருஷம் மே மாதம் கடைசி நாள் எனக்கு வழியனுப்பு விழா. எங்கள் பாக்டரியில் ஓய்வு பெறுகிறவனுக்கு மாலை போட்டு, குடும்பத்தையும் கேட்டுக்கு வரவழைத்து, பூ கட்டிய ஜீப்பில் வீடு வரை கொண்டுவிடுவது வழக்கம். பவுன் பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த கேட்டுக்கு அவள் வந்தது அன்றுதான். ஜம்பு எனக்கு மாலை போட்டுவிட்டு அவளைக் கும்பிட்டான்.

"தங்கச்சி, இவன நம்பி வூட்டுக்கு இட்னு போற. ஒரு விஷயம் சொல்லிட்றேன். பத்து வருஷம் முன்னாடி பாலத்தாண்ட, ரசவந்தி வாசல்ல நின்னு, ஒருத்தி இவனையே பாத்துக் கை காட்டினா. யார்யான்னு கேட்டா தெரியலன்றான். இன்னி வரிக்கும் சொல்லல. நீயாவது கேட்டு வை."

சுற்றி நின்ற முப்பது பேரும் சிரித்தார்கள். நான் பவுனைப் பார்த்தேன். இதோ, இப்போது அவள் சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. எல்லோர் முன்னாலும் என் முகத்தில் காறித் துப்பினாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

பவுனும் சிரித்தாள்.

"யாருன்னு எனக்கும் தெரியல, அண்ணே" என்றாள்.

நான் அன்று சொன்ன அதே வார்த்தை. கழுத்தில் மாலையோடு வாயைத் திறக்காமல் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். சைக்கிளை யாராவது ஓட்டி வரட்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. "வேண்டாம், நான் கொண்டாரேன்" என்றாள் பவுன். பட்டுச் சேலையோடு ஸ்டாண்டுக்குப் போனாள். சீட்டுப் பிடியைத் திருகி அழுத்தினாள். பத்து வருஷம் கழித்து அழுத்துகிறாள். சீட்டு தயங்காமல் இறங்கிக் கீழ் வெட்டில் டக்கென்று உட்கார்ந்தது. அவள் குனிந்து அந்த வெட்டைத் தடவிப் பார்த்தாள், விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குழாய்க்கு மேலே காலை எடுத்து வைத்து ஏறி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அது யாருக்காக அறுத்த பார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் அப்போது புரிந்திருக்கும். ஜம்புவுக்கு வேறு ஏதாவது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் தலையைத் தூக்கவில்லை.

பத்மநாபன் சார் கேட்ட பெருமை இவ்வளவுதான். வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜம்பு இந்த மலரை அட்டை முதல் அட்டை வரை படிப்பான். எழுத்துப் பிழை இருந்தால் செயலாளருக்குப் போன் போடுவான்.

ஜம்பு, பத்து வருஷமாக நீ கேட்ட கேள்விக்குப் பதில். அன்றைக்கு ரசவந்தி வாசலில் நின்று எனக்குக் கை காட்டியது பவுன். என் மனைவி. எனக்கு அவளைத் தெரியும்.